ஸ்பிரிங் துப்பாக்கி மீது பழி போடாதீர்கள்

ஸ்பிரிங் வைத்த ஏர் கன்னில் குறி வராது என்பது எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் பேச்சுக்கே இடமில்லாத முடிவாகிவிட்டது. நார்த்தாமலைப் பங்குனித் திருவிழாவிலோ கொன்னையூர் மாரியம்மன் கோயில் திருவிழாவிலோ பலூன் சுடும் கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இந்த முடிவைக் காதால் கேட்கலாம். பத்தடி தூரத்தில் பலூன். சுடுகிறவர் தவறவிடுவார். "அண்ணே, கன்ன வளைச்சு வச்சிருக்கீங்கண்ணே" என்பார். கடைக்காரர் பதில் பேசாமல் அதே துப்பாக்கியை வாங்கி, குழலைத் தொடையில் வைத்து மடக்கி, ரவையைச் சொருகி, அதிகம் மெனக்கெடாமல் சுடுவார். பலூன் வெடிக்கும். அப்போதும் சுட்டவர் விடமாட்டார். "அவருக்கு அந்த வளைவு பழக்கம்" என்று சொல்லிவிட்டு நகர்வார்.

வீட்டுக்கு ஏர் கன் வாங்கியவர்களிடமும் இதே பேச்சுதான். நாலு நாள் கொல்லையில் சுடுவார்கள். டப்பாவில் படும், அடுத்தது படாது. உடனே ஒருவர் வந்து "இறுக்கிப் பிடிடா" என்பார். இன்னொருவர் "பவர் பத்தல" என்பார். மூன்றாமவர் "ஸ்கோப் போட்டா சரியாயிடும்" என்பார். கடைசியில் எல்லாரும் சேர்ந்து, "இது சும்மா பொம்மை, பி.சி.பி. (அழுத்தக்காற்றுத் துப்பாக்கி) வாங்கு" என்று தீர்ப்புச் சொல்வார்கள். துப்பாக்கி பரணுக்குப் போய்விடும்.

இந்தத் தீர்ப்பு தவறு. இதைத் தாங்கி நிற்கும் ஒவ்வொரு காரணமும் தவறு.

முதலில் வளைவுக் கதையை எடுத்துக்கொள்வோம். குழல் வளைந்திருக்கலாம், பின் குறி ஒரு பக்கம் நகர்ந்திருக்கலாம். திருவிழாவுக்குத் திருவிழா லாரியில் ஏறி இறங்கும் துப்பாக்கிக்கு அது நடக்கக்கூடியதே. ஆனால் வளைந்த துப்பாக்கி என்ன செய்யும்? எல்லா ரவையையும் ஒரே பக்கம் கொண்டுபோய்ப் போடும். இடது பக்கம் இரண்டு அங்குலம் தள்ளிப் பட்டால், அடுத்ததும் அங்கேதான் படும், அதற்கடுத்ததும் அங்கேதான். அப்படிப்பட்ட துப்பாக்கியை நான்காவது ரவையில் எவரும் பிடித்துவிடலாம், வலது பக்கம் இரண்டு அங்குலம் தள்ளிக் குறி வைத்தால் போதும். கடைக்காரர் செய்வது அதுதான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அந்தத் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அடிக்கிறது என்பதை நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். துல்லியம் என்பதற்கு வேறு என்ன பொருள்? ரவைகள் ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று ஓரத்தில் என்று சிதறினால் அதற்கு வளைவு காரணமாக முடியாது. சுடும் தடவைக்குத் தடவை எது மாறுகிறதோ அதுதான் காரணம். குழல் மாறுவதில்லை. பிடி மாறுகிறது.

ஏன் இந்தத் துப்பாக்கிக்கு மட்டும் பிடி இவ்வளவு முக்கியம்? உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். குழலை மடக்கும்போது கனமான ஒரு சுருள்வில் அழுந்திப் பூட்டிக்கொள்கிறது. விசையை இழுத்ததும் வில் விரிந்து பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது. பிஸ்டன் ஓடி, எதிரே உள்ள காற்றை நசுக்குகிறது. நசுங்கிச் சூடேறிய காற்று ரவையைத் தள்ளுகிறது. விசை விடுபட்ட நேரத்திலிருந்து ரவை குழல் முனையைத் தாண்டும் வரை ஏறக்குறைய நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகிறது. கேட்க அற்பமாகத் தெரியும். அந்த நேரத்துக்குள் துப்பாக்கி சும்மா இருப்பதில்லை என்பதுதான் விஷயம். பிஸ்டன் முன்னே பாய்ந்தால் துப்பாக்கி பின்னே வரும். பிஸ்டன் கால் கிலோ, துப்பாக்கி மூன்று கிலோ என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். பிஸ்டன் எட்டு சென்டிமீட்டர் ஓடினால், தடையில்லாமல் இருக்கும் துப்பாக்கி ஆறேழு மில்லிமீட்டர் பின்னே வந்துவிடும். பிறகு பிஸ்டன் காற்று மெத்தையில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்பக்கமாக உதறும். இத்தனையும் ரவை இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. வெடிமருந்துத் துப்பாக்கியின் உதையில் பெரும்பகுதி, குண்டு வெளியேறிய பிறகுதான் தோளுக்குத் தெரிகிறது. இங்கே துப்பாக்கி நகர்ந்துகொண்டிருக்கும்போதே ரவை கிளம்புகிறது.

இப்போது "இறுக்கிப் பிடி" என்கிற உபதேசத்தைப் பாருங்கள். இரண்டு கையாலும் நெரித்துப் பிடித்தால் துப்பாக்கி நகராமல் நின்றுவிடுமா? நிற்காது. மனிதத் தசைக்கு அந்த வேகமும் கிடையாது, அந்த உறுதியும் கிடையாது. நேர்கோட்டில் பின்னால் வரவேண்டிய துப்பாக்கி, எந்தப் பக்கம் பிடி அதிகமோ அந்தப் பக்கம் திரும்பும். அந்த இறுக்கம் முதல் ரவைக்கு இருந்த அளவில் இரண்டாவதுக்கு இருக்காது, ஐந்தாவதில் கை களைத்திருக்கும். முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே அரை மீட்டர் இருந்தால், முன் முனை ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பத்து மீட்டரில் இருபது மில்லிமீட்டர் தள்ளிப் படும். இவ்வளவு நுணுக்கமான பொருளை மல்யுத்தப் பிடியில் பிடித்துவிட்டு அதன் மேல் குற்றம் சொல்வது, தராசுத் தட்டில் விரலை வைத்துக்கொண்டு எடை சரியில்லை என்று சண்டை போடுவதற்குச் சமம்.

இது என் சொந்தக் கற்பனை இல்லை. ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃப் நகரத்து ஃபைன்வெர்க்பாவ் தொழிற்சாலை, 1960-களிலும் 70-களிலும் உலகப் போட்டிகளில் கோலோச்சிய துப்பாக்கிகளைச் செய்தது. மாடல் 150, பிறகு மாடல் 300. அவை ஸ்பிரிங் துப்பாக்கிகள். அந்தப் பொறியாளர்கள் உதையை அடக்கக் கையாண்ட வழி என்ன? துப்பாக்கியின் இரும்புப் பகுதி முழுவதையும் மரக்கட்டை மேல் தண்டவாளம் போன்ற அமைப்பில் வைத்து, விசை இழுத்ததும் தாராளமாகப் பின்னால் வழுக்கும்படி விட்டுவிட்டார்கள். கட்டி வைக்கவில்லை, அவிழ்த்து விட்டார்கள். உலகத்திலேயே மிகத் துல்லியமான ஸ்பிரிங் துப்பாக்கியைச் செய்தவர்கள் கண்டுகொண்டது இதுதான். நம் கையில் இருக்கும் சாதாரணத் துப்பாக்கியில் அந்தத் தண்டவாளம் கிடையாது, ஆகவே நம் கைதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் டாம் கேலார்ட் இந்தப் பிடிக்குப் பீரங்கிப் பிடி என்று பெயர் வைத்து எழுதினார். பீரங்கியின் குழல் அதன் வண்டி மேல் பின்வாங்கித் திரும்புவதைப் போலத் துப்பாக்கியும் பின்வாங்கட்டும் என்பது கருத்து.

எப்படிப் பிடிப்பது என்று கேட்பீர்கள். இடது உள்ளங்கையை விரித்து, அதன் மேல் முன்கட்டையைக் கிடத்துங்கள். விரல்கள் மடங்கவே வேண்டாம். அடிக்கட்டை தோளைத் தொட்டால் போதும், அழுந்தக் கூடாது. வலது கை விசைக்கு மட்டும்தான். கட்டைவிரலைத் துப்பாக்கிக் கட்டையின் கழுத்தைச் சுற்றி இறுக்காமல் பக்கவாட்டில் சும்மா வையுங்கள். கன்னம் கட்டையில் படட்டும், அமுக்க வேண்டாம். உள்ளங்கையை விசைக் கூட்டுக்குப் பக்கத்தில் வைப்பதா, இன்னும் முன்னால் தள்ளி வைப்பதா என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். காகிதத்தில் சுட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த பிறகு அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அரை அங்குலம் மாறினாலும் ரவை படும் இடம் மாறும். மணல் மூட்டை மேல் வைத்துச் சுடுகிறவர்கள் துப்பாக்கியை நேரடியாக மூட்டை மேல் வைக்காதீர்கள். மூட்டை மேல் கை, கை மேல் துப்பாக்கி. கடினமான பரப்பில் நேரே வைத்தால் துப்பாக்கி அதிலிருந்து எகிறிக் குறி எங்கோ போகும்.

இதை விடவும் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. குறி வைத்த பிறகு கண்ணை மூடி, ஒரு மூச்சு விட்டு, கண்ணைத் திறந்து பாருங்கள். குறி அதே இடத்தில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது, கொஞ்சம் வலது பக்கமோ இடது பக்கமோ போயிருக்கும். அதுதான் உங்கள் உடம்பு இயல்பாகக் காட்டும் திசை. அதைக் கைத்தசையால் இழுத்துப் பிடித்து இலக்குக்குக் கொண்டுவந்து சுட்டால், விசை விடுபட்ட அந்தச் சிறு நேரத்தில் துப்பாக்கி தன் இயல்பான திசைக்கே திரும்பப் பார்க்கும். கையை நகர்த்தாதீர்கள், பாதத்தை நகர்த்துங்கள். உடம்பே இலக்கைப் பார்க்கும்படி நின்று, பிறகு விசையை மெதுவாக, நேர் பின்னால் அழுத்துங்கள். சுட்டதும் தலையைத் தூக்கி எங்கே பட்டது என்று பார்க்கிற அவசரம் எல்லாருக்கும் உண்டு. சத்தம் அடங்கும் வரை கண் முன் குறியிலேயே இருக்க வேண்டும். ரவை வெளியேறுவதற்கு முன்பே தலை அசைந்துவிடுகிறது என்பதை அவசரக்காரர்கள் நம்புவதே இல்லை.

பவர் கதைக்கு வருகிறேன். என்னை அதிகம் கோபப்படுத்துவது இதுதான். பத்து மீட்டர் ஏர் ரைபிள் 1966-ல் வீஸ்பாடன் உலகப் போட்டியில் இடம்பெற்றது, 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நுழைந்தது, 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவுக்குத் தங்கம் தந்தது. அந்தப் போட்டியின் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொட்டு, ரவையோ நாலரை மில்லிமீட்டர். அதைச் சுடும் துப்பாக்கிகளின் ஆற்றல் ஏழெட்டு ஜூல் அளவுதான். ரவை நொடிக்கு 170, 175 மீட்டர் வேகத்தில் போகிறது. இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி நாலரை மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. கடையில் உரிமம் இல்லாமல் கிடைக்கும் பல துப்பாக்கிகள், உலகச் சாம்பியன்கள் பயன்படுத்துவதை விடக் கூடுதல் பலம் கொண்டவை. பலம் துல்லியத்தைத் தரும் என்றால் அந்தச் சாம்பியன்கள் எல்லாரும் விவரம் தெரியாதவர்கள் என்றல்லவா ஆகிறது? ஸ்பிரிங் துப்பாக்கியில் பலம் கூடினால் வில் கனமாகும், பிஸ்டன் இன்னும் பலமாக உதைக்கும், பிடிப்பது இன்னும் கடினமாகும். ரவை ஒலியின் வேகத்தை நெருங்கினால் அதன் நிலையே குலைந்துவிடும்.

பலம் ஏற்றுவதற்காகக் குழலுக்குள் தையல் மெஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ சொட்டுச் சொட்டாக விடுகிறவர்கள் உண்டு. டமார் என்று சத்தம் வரும், முனையில் புகை வரும், சுட்டவருக்குச் சந்தோஷமாக இருக்கும். நசுங்கிய காற்றின் சூட்டில் எண்ணெய் தீப்பற்றி வெடிப்பதுதான் அது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் அளவில் வெடிக்கும், அதனால் ஒவ்வொரு ரவையும் ஒவ்வொரு வேகத்தில் போகும். குறி கெடுவதோடு வில்லும் வாஷரும் சீக்கிரமே போய்விடும். துப்பாக்கியைத் தன் கையால் கெடுத்துவிட்டு "இது தேறாது" என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

பவர் என்ற சொல்லை இந்த மாவட்டத்துக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசக்கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினரின் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது பறந்து வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அந்தப் பிள்ளை இறந்துபோனான். அது ராணுவ வகைத் துப்பாக்கி, ஏர் கன் இல்லை. ஆனால் இலக்கைத் தாண்டிப் போகிற பலத்தால் யாருக்கும் பயனில்லை என்பது இரண்டுக்கும் பொது. ஏர் கன் ரவை இருநூறு மீட்டருக்கு மேலும் போகும், கண்ணைப் பறிக்கும், பக்கத்தில் இருந்து பட்டால் உயிரையும் எடுக்கும். பத்து மீட்டரில் காகிதத்தைத் துளைக்கிற அளவு பலமே விளையாட்டுக்குப் போதும்.

ஸ்கோப்பைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஸ்கோப் இலக்கைப் பெரிதாகக் காட்டும், பிடியைத் திருத்தாது. பெரிய துப்பாக்கிகளுக்குச் செய்த ஸ்கோப், பின்னால் வரும் உதையை மட்டும் தாங்கும்படி செய்தது. ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னுமாக உதறுவதால் அதன் உள் கண்ணாடிகள் சில மாதத்தில் தளர்ந்துவிடும். பிறகு ஸ்கோப்பே குறியைச் சிதறடிக்கும். போட்டே தீர வேண்டுமென்றால் ஏர் கன்னுக்கென்றே செய்ததைப் போடுங்கள். கூர்மூக்கு ரவை நேராகப் போகும் என்பதும் இதே வகை நம்பிக்கை. கூர் நடுவில் சரியாக அமைவது அரிது. உருண்டை மூக்கும், காகிதத்துக்குத் தட்டை மூக்குமே நம்பிச் சுடக்கூடியவை. டப்பாவுக்குள் ஒன்றோடொன்று மோதிப் பின்விளிம்பு நசுங்கிய ரவைகளைப் பொறுக்கி ஒதுக்குங்கள். கட்டையில் உள்ள திருகுகளை ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்பும் முறுக்கிப் பாருங்கள். இவை உதறலில் தளர்ந்துகொண்டே இருக்கும். குழலைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடுகிறது என்றால், அப்போது மட்டும் துப்பாக்கியைக் குறை சொல்லலாம். பங்குனி வெயிலில் கட்டாந்தரையில் கிடந்த துப்பாக்கி, உள்ளே கிரீஸ் இளகி, காலையில் சுட்ட மாதிரி சுடாது. நிழலில் வையுங்கள்.

பி.சி.பி. என்கிற அழுத்தக்காற்றுத் துப்பாக்கி சுட எளிது என்பதை மறுக்கவில்லை. அதில் ஓடும் பிஸ்டன் இல்லை, உதறல் இல்லை, பிடி கொஞ்சம் பிசகினாலும் மன்னித்துவிடும். போட்டிக்குப் போகிறவர்கள் அதைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் "அது இருந்தால்தான் குறி வரும்" என்பது வேறு பேச்சு. ஃபீல்டு டார்கெட் எனும் போட்டியில் ஸ்பிரிங் துப்பாக்கிகளுக்கென்று தனிப் பிரிவே உண்டு. ஏர் ஆர்ம்ஸ் டி.எக்ஸ்.200, வெய்ராவ் எச்.டபிள்யூ.97 போன்ற துப்பாக்கிகளோடு அங்கே வருகிறவர்கள் ஐம்பது மீட்டர் வரையிலும் சில சென்டிமீட்டர் வட்டத்துக்குள் சுடுகிறார்கள். வில்லும் பிஸ்டனும் அதே இயற்பியல்தான்.

இந்த வாதத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் பணம். எங்கள் மாவட்டத்திலிருந்து ஒருவர் ஒலிம்பிக் வரை போயிருக்கிறார். புதுக்கோட்டை மன்னர் குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிராப் அணிப் பிரிவில் தங்கம் வென்ற மூவரில் ஒருவர், 2024-ல் பாரிஸிலும் சுட்டார். அது எல்லாருக்கும் பெருமை. ஆனால் அதைப் பார்த்து ஊரார் எடுத்துக்கொண்ட பாடம், துப்பாக்கி சுடுவது அரண்மனைக்காரர்களுக்கான விளையாட்டு என்பது. அறந்தாங்கிப் பக்கத்திலோ இலுப்பூர்ப் பக்கத்திலோ ஓர் உழவர் வீட்டுப் பிள்ளைக்குச் சில ஆயிரம் ரூபாயில் கைக்கு எட்டுவது ஸ்பிரிங் ஏர் கன் மட்டும்தான். பி.சி.பி. அதைப் போலப் பல மடங்கு விலை, அதற்குப் பம்போ சிலிண்டரோ தனியாக வேண்டும். கையில் இருப்பதைப் பொம்மை என்று சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளைக்குக் கதவே இல்லை. நின்ற நிலை, மூச்சு, விசை, சுட்ட பிறகும் அசையாமல் இருப்பது, இவையெல்லாம் எந்தத் துப்பாக்கிக்கும் ஒன்றுதான். ஸ்பிரிங் துப்பாக்கி சிறு தவற்றையும் காகிதத்தில் காட்டிக்கொடுத்துவிடுவதால், இதில் பழகியவர் வேறு எதை எடுத்தாலும் தடுமாறமாட்டார். திருச்சி ரைபிள் கிளப் நமக்கு ஒரு பேருந்துத் தூரம். 2022 ஜூலையில் மாநிலப் போட்டி அங்கே நடந்தபோது நடிகர் அஜித்தைப் பார்க்கக் கூடிய கூட்டத்தில் பத்தில் ஒருவர் காகிதத்தில் ஒழுங்காகச் சுடக் கற்றுக்கொண்டிருந்தால் இந்நேரம் நம் மாவட்டத்தில் ஓர் அணியே இருந்திருக்கும்.

குறி பழகக் குருவி சுடுகிறேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குருவியைச் சுட்டால் குறி பழகாது. பட்டது, படவில்லை என்பதைத் தவிர அதில் எதுவும் தெரியாது. எவ்வளவு தள்ளிப் போனது, எந்தப் பக்கம் போனது, அடுத்ததும் அங்கேயே போனதா என்பதைக் காகிதம் மட்டுமே சொல்லும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விராலிமலை மயில் முதல் பட்டியலில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், பனைமரத்துக் கிளியையும் கண்மாய்க் கொக்கையும் பயிற்சிப் பொருளாக்குவது கேவலம்.

ஏர் கன் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பின்னால் கனமான மண்சுவர் உள்ள இடமாகப் பாருங்கள். அந்தப் பக்கம் ஆளோ ஆடுமாடோ வர வழியிருக்கக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பத்து மீட்டரில் ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, இறுக்கிப் பிடித்து ஐந்து ரவை சுடுங்கள். பக்கத்திலேயே இன்னொரு காகிதம் ஒட்டி, உள்ளங்கையில் கிடத்தித் தளர்த்திப் பிடித்து ஐந்து ரவை சுடுங்கள். இரண்டு காகிதத்திலும் ஓட்டைகளின் பரப்பை அளந்து பார்த்த பிறகு, துப்பாக்கியைப் பரணில் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள்.